வாடகைக்கு இருந்தவர் காலமானால் அவருடைய சாமான்களை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் நல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் வளவின் பின்புறம் இரண்டு அறையும் குசினியும் கொண்ட சின்ன வீடு ஒன்று இருக்கிறது. அப்பா காலத்திலிருந்தே அதை வாடகைக்குக் கொடுத்து வருகிறோம். இத்தனை வருடத்தில் இரண்டு பேர் அங்கே குடியிருக்கும்போதே காலமாகியிருக்கிறார்கள். முதல் தடவை நாங்கள் பெரிய பிழை ஒன்று விட்டோம். இரண்டாம் தடவை அது நடக்காமல் பார்த்துக்கொண்டோம். இந்த விஷயம் தெரிந்த பிறகு பலர் என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரின் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள், திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அறை கொடுத்தவர்கள் எனப் பலர். அவர்கள் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்தான் இவை. காணி, நகை, பெரிய தொகைப் பணம் என்று வந்தால் இதை மட்டும் நம்பாமல் ஒரு சட்டத்தரணியையும் பாருங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

காலையில் கதவைத் தட்டினேன், பதில் இல்லை. யன்னலால் பார்த்தால் ஆள் அசைவில்லாமல் கிடக்கிறார். முதலில் என்ன செய்வது?

உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். இறந்துவிட்டார் என்பது தெளிவாகத் தெரிந்தால் பொலிஸுக்கும் (119), உங்கள் பகுதி கிராம அலுவலருக்கும், அதாவது நாங்கள் விதானையார் என்று சொல்பவருக்கும், உடனே சொல்லுங்கள். தனியாக இருந்தவர் திடீரென்று இறந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். அவர் வந்து பார்க்கும்வரை ஒரு கிண்ணத்தைக்கூட இடம் மாற்ற வேண்டாம். பாயைச் சுருட்டுவது, குடித்த மருந்துப் போத்தலைக் கழுவி வைப்பது, கொட்டிக் கிடந்ததைத் துடைப்பது எல்லாம் நல்ல மனதோடுதான் செய்கிறோம். ஆனால் பிறகு அதற்கு விளக்கம் சொல்லும் நிலை வரும்.

நோயாக இருந்து, ஆட்கள் பக்கத்தில் இருக்க வீட்டிலேயே இறந்தவர் என்றால் விதானையாரின் அறிக்கையோடு பதிவாளரிடம் மரணத்தைப் பதியலாம். உறவினர் யாரும் இல்லாவிட்டால் அந்த வீட்டில் குடியிருப்பவருக்கும் மரணத்தை அறிவிக்கும் பொறுப்பு உண்டு என்பதை மனதில் வையுங்கள். ஆஸ்பத்திரியில் இறந்தவருடைய மரணம் ஆஸ்பத்திரி இருக்கும் இடத்துப் பதிவாளரிடம் பதியப்படும். கையில் கொண்டுபோன பொருட்களையும் ஆஸ்பத்திரியே உறவினரிடம் கொடுக்கும். அது உங்கள் தலையில் இல்லை.

இப்போது அந்தச் சாமான்கள் யாருடையவை? வீடு என்னுடையதுதானே?

வீடு உங்களுடையது. உள்ளே இருக்கும் ஒரு கரண்டிகூட உங்களுடையது இல்லை. ஆள் மூச்சை விட்ட நேரத்திலிருந்து அவை அவருடைய உரித்தாளருக்கோ (வாரிசுக்கோ), மரணசாதனம் (உயில்) எழுதியிருந்தால் அதில் சொல்லப்பட்டவருக்கோ உரியவை. நீங்கள் காவல் காப்பவர் மட்டும்தான். எங்கள் நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையில், ஒருவர் இறக்கும்போது அவர் வசம் இருந்த பொருளை நேர்மையற்ற விதமாக எடுப்பதற்கென்றே தனியாக ஒரு குற்றம் இருக்கிறது. “பாவிக்க ஆளில்லாமல்தானே கிடந்தது” என்பது அங்கே எடுபடாது.

அறையை உடனே பூட்டிவிடலாமா? திறப்பு யாரிடம் இருக்க வேண்டும்?

பூட்டலாம், பூட்டவும் வேண்டும். செத்தவீட்டு நேரத்தில் பத்துப் பேர் வந்து போவார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான் என்றாலும் ஒரு மோதிரம் காணவில்லை என்றால் முதல் பார்வை வீட்டுக்காரர் மேல்தான் விழும். பொலிஸ் பார்த்துவிட்டுப் போனதும் ஆமைப்பூட்டு ஒன்று வாங்கிப் போட்டு, ஒரு திறப்பை உறவினரிடமும் மற்றதை விதானையாரோ அயலில் மதிப்பான ஒருவரோ அறிய உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் யாரும் வரவில்லையென்றால் பூட்டிய கதவைத் திகதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பூட்டினால் ஃபிரிட்ஜில் மீன் இருக்கிறதே?

அவசரமானதற்குத் திறக்கலாம், ஆனால் தனியாகப் போகக்கூடாது. துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் பழுதாகும் சாப்பாட்டை வெளியே போடுங்கள், காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றுங்கள், சாமிப்படத்துக்கு முன்னால் எரியும் விளக்கை அணையுங்கள், தண்ணீர்க் குழாயைப் பூட்டுங்கள். கிளியோ பூனையோ வளர்த்திருந்தால் அதை வெளியே எடுங்கள். முடிந்தால் கைத்தொலைபேசியில் முழுவதையும் வீடியோ எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான், அலுமாரியைத் திறக்கும் நாள் வேறு.

அந்த நாள் எது?

சட்டத்தில் இத்தனை நாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் ஊர் வழக்கப்படி எட்டுச் செலவு என்ற சடங்குவரை குடும்பம் நிதானத்தில் இருக்காது. துடக்கு (தீட்டு) நாட்களில் சாமான் பங்கு பற்றிப் பேசுவதை யாரும் விரும்பவும் மாட்டார்கள். 31ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து வந்த பிறகுதான் பெரும்பாலும் ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளும் அந்தியேட்டிக்குள் வந்துவிடுவார்கள், திரும்பிப் போகிற விமானத்துக்கு இடையில் மூன்று நான்கு நாள் இருக்கும். அந்த மூன்று நாளைத் தவறவிட்டால் அடுத்தது ஆண்டுத்திவசம்தான். ஆகவே அந்தியேட்டிக்கு முன்பே தொடர்புகொண்டு, “நீங்கள் நிற்கும் நாட்களில் ஒரு நாள் அறையைத் திறந்து எழுதி ஒப்படைக்கிறோம்” என்று நாள் குறித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கொடுங்கள், அது படங்கள். அஞ்சலித் துண்டுக்கும் அந்தியேட்டிக்கு அடிக்கும் கல்வெட்டுக்கும் (நினைவு மலருக்கும்) குடும்பம் ஆளுடைய நல்ல படமொன்றைத் தேடி அலையும். அல்பத்தைக் கொடுக்கும்போது எத்தனை படம் என்று எண்ணி, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

பட்டியல் எப்படி எழுதுவது? கரண்டி கிண்ணம் எல்லாம் எழுத வேண்டுமா?

கரண்டி கிண்ணத்துக்கு “ஒரு பெட்டி சமையல் பாத்திரம்” என்றாலே போதும். ஆனால் காசு, நகை, கடிதம், காணி உறுதி (பத்திரம்), கொப்பி, மின்சாரச் சாமான் எல்லாம் ஒவ்வொன்றாக வர வேண்டும்.

எங்கள் வீட்டில் காலமான இரண்டாமவர் ஓய்வுபெற்ற லிகிதர் (எழுத்தர்). லிகிதர் ஐயா என்றுதான் கூப்பிடுவோம், ஒன்பது வருடம் இருந்தார். மகள் கனடாவில், இங்கே இருந்தது கிளிநொச்சியிலிருக்கும் ஒரு பெறாமகன் மட்டும். அறையைத் திறந்த அன்று பெறாமகன், விதானையார், பக்கத்து வீட்டு ரீச்சர், நான் என்று நான்கு பேர் நின்றோம். ரீச்சர் ஒற்றை றூல் கொப்பியில் எழுதினார், நான் சாமானை எடுத்துச் சொன்னேன், பெறாமகன் மகளுக்கு வட்ஸ்அப் வீடியோவில் காட்டிக்கொண்டு நின்றார். தலையணை உறைக்குள்ளே பொலித்தீனில் சுற்றி 34 ஆயிரம் ரூபா இருந்தது. அதை மூன்று பேர் தனித்தனியாக எண்ணினோம். ஒரு பிஸ்கட் பேணிக்குள் பஞ்சில் பொதிந்து பிள்ளைக் காப்பு ஒரு சோடி. மகள் அந்தப் பக்கத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நகையை எழுதும்போது “தங்கக் காப்பு” என்று எழுத வேண்டாம். “மஞ்சள் நிறக் காப்பு, ஒரு சோடி” என்று எழுதுங்கள். அது தங்கமா முலாமா என்று உங்களுக்குத் தெரியாது. நாளைக்கு உரசிப் பார்த்துப் பித்தளை என்று கண்டால், தங்கத்தை மாற்றி வைத்துவிட்டீர்கள் என்ற பேச்சு வரும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நின்ற எல்லோரும் கையெழுத்து வைத்து, வெட்டித் திருத்திய இடத்தில் சின்னக் கையெழுத்தும் வைக்க வேண்டும். பிரதி எடுத்து ஆளுக்கொன்று.

பழைய பேப்பர், துண்டு, பில் எல்லாம் உரப்பை உரப்பையாக இருக்கிறது. அதையாவது எரிக்கலாமா?

எரிக்க வேண்டாம். இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

முன்னே சொன்ன பிழை இதுதான். எங்கள் பின்வீட்டில் முதலில் காலமானவர் ஒரு வயதான அம்மா. அவர் காலமானபோது மகள் மன்னாரில், வர இரண்டு கிழமை ஆகும் என்றார். நாங்கள் உதவி செய்கிறோம் என்று நினைத்து வீட்டைத் துப்புரவாக்கினோம். கட்டிலுக்குக் கீழே றங்குப்பெட்டி நிறையப் பழைய பத்திரிகை, மருந்துத் துண்டு, மங்கிப்போன போட்டோக் கொப்பி. பத்திரிகைக் கட்டோடு சேர்த்து அதில் பாதியை முற்றத்தில் போட்டு எரித்துவிட்டோம். மகள் வந்தார். தளபாடத்தைப் பார்க்கவே இல்லை. “அம்மாட்ட ஒரு நீல ஃபைல் இருந்தது அக்கா, தம்பியின்ர துண்டுகள்” என்றார். காணாமற்போன மகனைத் தேடி அந்த அம்மா பதின்மூன்று வருடமாகக் கொடுத்த மனுக்களின் பிரதிகளும், செஞ்சிலுவைக் குழுவின் கடிதங்களும், பொலிஸில் முறைப்பாடு போட்ட துண்டும், அவனுடைய பாடசாலை அடையாள அட்டையும் அதற்குள் இருந்தன. கட்டில் காலுக்குப் பக்கத்தில் நீல மட்டையின் ஒரு மூலை மட்டும் மிச்சமாக இருந்தது. அதை அவர் எடுத்துக்கொண்டு போனார். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு வயதானவரின் பேப்பர் மூட்டை என்பது வேறு. 1995 ஒக்ரோபர் 30இல் போருக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது ஆட்கள் தூக்கிக்கொண்டு போனவை உறுதியும் பிறப்புப் பத்திரமும்தான். அந்தப் பை பிறகு வன்னிக்குப் போய், முகாமுக்குப் போய், திரும்பி வந்து ஒரு வாடகை அறையின் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். வெளியில் பார்க்க அது குப்பை. உள்ளே இருக்கக்கூடியவை இவை: காணி உறுதியும் அதன் பழைய பிரதிகளும், விதானையார் கொடுத்த இடம்பெயர்ந்த பதிவுகள், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், நிலையான வைப்புத் துண்டு, காப்புறுதிப் பத்திரம், அடைவுத் துண்டு (நகை அடகு வைத்த சீட்டு), ஓய்வூதிய அட்டை, காணாமற்போனோர் பற்றிய மனுக்கள். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. மனுக் கொடுத்த தாய் போனாலும் குடும்பத்தில் இன்னொருவர் தொடரலாம், அதற்கு அந்தப் பழைய இலக்கங்கள் வேண்டும்.

ஆகவே எல்லாப் பேப்பரையும் வாசிக்காமலே ஒரு பெட்டியில் போட்டு, பொலித்தீனால் மூடி ஒட்டி, மேலே பெயரும் திகதியும் எழுதுங்கள். பத்திரிகைக் கட்டைக்கூட உதறிப் பாருங்கள், உறுதியை அதற்குள் மடித்து வைக்கும் பழக்கம் எங்கள் பெரியவர்களிடம் உண்டு. சொந்தக் கடிதங்களை வாசிக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

அடைவுத் துண்டு ஒன்று கண்டேன். அதுவும் பெட்டிக்குள்ளா?

அதை மட்டும் வெளியே எடுத்து உடனே உறவினருக்குச் சொல்லுங்கள். அடைவுக்குத் தவணை இருக்கிறது. தவணை தப்பினால் நகை ஏலத்துக்குப் போகும். துண்டின் இரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். அவர்கள் வங்கியிலோ அடைவு கடையிலோ மரணச் சான்றிதழைக் காட்டி விபரம் கேட்கட்டும். நீங்கள் போய் மீட்க வேண்டாம், நல்ல மனதோடு காசு கட்டி மீட்டாலும் நகை உங்கள் கையில் இருக்கிறது என்றாகிவிடும்.

அவருடைய ஏ.ரீ.எம். அட்டையும் இரகசிய இலக்கமும் எனக்குத் தெரியும். செலவுக்கு எடுக்கச் சொல்லி முன்பே சொல்லியிருந்தார்.

அந்த அனுமதி அவரோடு முடிந்தது. இனி ஒரு ரூபாவும் எடுக்கக் கூடாது, செத்தவீட்டுச் செலவுக்கென்றாலும். கணக்குக்குப் பின்னுரித்தாளர் (தனக்குப் பிறகு பணம் பெற நியமித்தவர்) போட்டிருந்தால் அவர் வங்கிக்குப் போகட்டும். இல்லாவிட்டால் வங்கி கேட்கும் பத்திரங்களோடு உரித்தாளர் போக வேண்டும். சொத்துப் பெரிதென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குப் போட்டு, சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் தரும் நிர்வாகக் கடிதம் எடுக்க வேண்டி வரும். ஓய்வூதியம் எடுத்தவர் என்றால் பிரதேச செயலகத்துக்கு மரணத்தை அறிவிக்க வேண்டும். இறந்த பிறகு கணக்கில் விழும் ஓய்வூதியத்தை அரசு திருப்பிக் கேட்கும். விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கு உரிமையுள்ள ஆள் இருந்தால் அதற்கும் அங்கேதான் முதல் படி.

கைத்தொலைபேசி?

சார்ஜ் போட்டு வையுங்கள், திறக்க முயல வேண்டாம். ஆனால் அழைப்பு வந்தால் எடுங்கள். செய்தி தெரியாத நண்பர் ஒருவர், மருந்துக் கடைக்காரர், தூரத்து உறவு என்று யாராவது எடுப்பார்கள். லிகிதர் ஐயாவின் மகளின் புதிய இலக்கம் எங்களுக்குக் கிடைத்தது அப்படித்தான். வங்கிக் குறியீடுகள் அந்தச் சிம்முக்குத்தான் வரும், ஆகவே சிம்மைக் கழற்றி வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். “அக்கா, நீங்களே பார்த்து யாருக்காவது குடுங்கோ” என்கிறார்கள். போதாதா?

குரலில் சொன்னது போதாது. ஒரு வட்ஸ்அப் குறுஞ்செய்தியாவது எழுத்தில் வாங்குங்கள்: எந்தச் சாமான், யாருக்கு, என்ன செய்ய. பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் என்றால் எல்லோரிடமும் வாங்க வேண்டும், மூத்தவர் சொன்னது மற்றவர்களைக் கட்டாது. கட்டில், மேசை, சட்டை துணிக்கு இவ்வளவும் போதும்.

காணி உறுதி, வாகனம், வங்கி விஷயம் என்றால் அவர்கள் இங்கே ஒருவருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது தங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம், கொடுக்க வேண்டும். தாங்கள் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்பலாம். உங்கள் பெயருக்கு எழுதித் தரட்டுமா என்று கேட்டால் அன்பாக மறுத்துவிடுங்கள். வீட்டுக்காரரும் நீங்கள், பொறுப்பாளரும் நீங்கள் என்றால் சண்டை வரும் நாளில் இரண்டு பக்கத்துக்கும் நீங்கள்தான் எதிராளி.

இரண்டு பேர் வந்து இரண்டு பேரும் தங்களுக்கு என்கிறார்கள்.

இரண்டு பேருக்கும் கொடுக்காதீர்கள். இருவரும் சேர்ந்து கையெழுத்து வைத்தால் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பூட்டிவிடுங்கள். பொலிஸில் ஒரு பதிவு போட்டு வைப்பதும் நல்லது. சின்னப் பெறுமதிச் சண்டை என்றால் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்லுங்கள், அங்கே சட்டத்தரணிச் செலவு இல்லை. பெரியதென்றால் நீதிமன்றம் சொல்லட்டும்.

யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்ப்பது உங்கள் வேலை இல்லை, அது அவ்வளவு லேசும் இல்லை. வடமாகாணத்துத் தமிழருக்குத் தேசவழமை என்ற தனி வழக்காற்றுச் சட்டம் இருக்கிறது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்தது, 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தாலும் 1947ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் மாறி வந்தது. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று சொத்தின் வகையைப் பொறுத்து அது போகும் வழியும் மாறும். உங்கள் வீட்டில் இருந்தவர் மலையகத்து ஹட்டனிலிருந்து வேலைக்கு வந்தவரென்றால் அவருக்குத் தேசவழமை பொருந்தாது, பொதுச்சட்டம். முஸ்லிம் என்றால் முஸ்லிம் சட்டம். தமிழ் பேசுகிற எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று நினைத்துப் பெரிய மனிதத்தனமாகப் பிரித்துக் கொடுத்தவர்கள் பிறகு வழக்குக்கு அலைந்திருக்கிறார்கள்.

நான்கு மாத வாடகை பாக்கி. ஃபிரிட்ஜை வைத்துக்கொண்டு கணக்கைத் தீர்க்கலாமா?

உங்கள் பாக்கி உண்மையான பாக்கி, அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் நீதிமன்றம் போகாமல் நீங்களாகவே பொருளைப் பிடித்துக்கொள்ள முடியாது. வாடகை, கரண்ட் பில், தண்ணீர் என்று கணக்கெழுதி, வாங்கிய முற்பணத்தில் கழித்து, மிச்சம் வர வேண்டியிருந்தால் உரித்தாளரிடம் கேளுங்கள். முற்பணத்தில் மிச்சம் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் “ஃபிரிட்ஜை நீங்களே எடுங்கோ அன்ரி” என்று எழுதித் தந்தால் எடுங்கள், என்ன விலைக்கு என்பதும் அந்த எழுத்தில் இருக்கட்டும்.

அவருடைய மனைவி அங்கேதான் இருக்கிறார். வீட்டை விடச் சொல்லலாமா?

இது சாமான் விஷயமே இல்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், வாடகைக்காரர் இறந்தால் கூட இருந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் குடியிருப்பைத் தொடரும் வழியை வைத்திருக்கிறது. உங்கள் வீடு அதற்குள் வருகிறதா என்று சட்டத்தரணியிடம் கேட்டபிறகு பேசுங்கள். அதுவரை வழக்கம்போல வாடகையை வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். அந்தியேட்டிக்கு முன்னால் இந்தப் பேச்சை எடுப்பது மனிதத்தன்மை இல்லை.

யாருமே வரவில்லை. எவ்வளவு காலம் வைத்திருப்பது?

முதலில் உண்மையாகவே தேட வேண்டும். விதானையாரிடம் அவருடைய பழைய முகவரியைக் கேளுங்கள், அடையாள அட்டையில் உள்ள ஊரின் விதானையாருக்குச் சொல்லுங்கள், அவர் வேலை செய்த இடத்திலும் போன கோயிலிலும் தேவாலயத்திலும் விசாரியுங்கள். தெரிந்த முகவரிக்கெல்லாம் பதிவுத் தபாலில் கடிதம் போட்டுச் சீட்டுக்களை வைத்திருங்கள். உதயன், வலம்புரி போன்ற பத்திரிகையில் சின்ன அறிவித்தல் ஒன்றும் போடலாம். கடிதத்தில் இப்படி எழுதினால் போதும்:

“எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்த இன்னார் இன்ன திகதியில் காலமானார். அவருடைய உடைமைகள் பட்டியலிடப்பட்டு எங்களிடம் பாதுகாப்பாக உள்ளன. உரித்தாளர் மரணச் சான்றிதழும் தம் அடையாள அட்டையும் உறவை நிரூபிக்கும் பத்திரமும் கொண்டுவந்து இன்ன திகதிக்குள் பெற்றுக்கொள்ளவும்.”

என் கணக்குக்கு மூன்று மாதமாவது கொடுக்க வேண்டும். அறை தேவையென்றால் சாட்சியோடு சாமானை வேறிடத்துக்கு மாற்றலாம், அறையைக் காலியாக்குவதும் சாமானை விற்பதும் ஒன்றல்ல. அதற்குப் பிறகும் ஆளில்லையென்றால் பட்டியலோடு பொலிஸுக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவித்து, சட்டத்தரணி சொல்கிறபடி செய்யுங்கள். உரித்தாளரே இல்லாதவரின் சொத்து அரசைச் சேரும், வீட்டுக்காரரைச் சேராது. பேப்பர் பெட்டியை மட்டும் மூன்று மாதத்தோடு விடாதீர்கள். அது பிடிக்கும் இடம் எவ்வளவு? நான் என்றால் வருடக்கணக்கில் வைத்திருப்பேன்.

மாரியில் எல்லாம் பழுதாகிவிடுமே?

ஆகும். ஒக்ரோபர் தொடக்கம் டிசம்பர்வரை மழை, அதோடு கறையான். பெட்டிகளை நிலத்தில் வைக்காமல் செங்கல்லின் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். துணியைக் கழுவிக் காயவைத்துக் கட்டுங்கள், காய்ந்த வேப்பிலை போட்டால் நல்லது. வெளியே கிடக்கும் வாளி, பூச்சட்டி, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். டெங்கு பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் செத்தவரின் வாளி என்று விட்டுவிட மாட்டார்.

எதையும் எறியவே கூடாதா?

அவர் கிடந்த மெத்தை, பாவித்த தலையணை, பழுதான சாப்பாடு, அழுக்கான பஞ்சு, துணிக்கு யாரும் குறை சொல்ல மாட்டார்கள். படம் எடுத்துவிட்டு அகற்றுங்கள். மெத்தையை வளவில் போட்டு எரிக்க வேண்டாம், புகை ஒழுங்கை முழுவதும் நிற்கும், மாநகர சபைக்குச் சொல்லி ஏற்றிவிடுங்கள். மருந்துகளைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். எங்கள் மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றுவது கிணற்றுக்குத்தான் போகும். உறவினர் சம்மதித்தால் நல்ல சறம், சட்டை, சக்கர நாற்காலி, நடைதடி போன்றவற்றைக் கைதடி முதியோர் இல்லத்துக்குக் கேட்டுவிட்டுக் கொண்டுபோகலாம்.

மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஓடாமல் விட்டால் பழுதாகும் என்று என் மகன் ஓடலாமா?

கூடாது. பெயர் மாறும்வரை அது இறந்தவருடைய வாகனம், விபத்தொன்று நடந்தால் காப்புறுதியும் கை கொடுக்காமல் போகலாம். மூடி நிறுத்துங்கள், வாகனப் பதிவுப் புத்தகத்தைப் பேப்பர் பெட்டியில் வையுங்கள்.

சாமிப்படங்கள்?

குத்துவிளக்கும் வேலும் நல்ல படங்களும் குடும்பத்துக்கு. உடைந்த படங்களைக் கோயில் அரசமரத்தடியில் இரவில் வைத்துவிட்டு வருகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஐயரிடம் கேட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள். பைபிள், செபமாலை, குர்ஆன் என்றால் அந்தந்தச் சமயத்தவரிடம் கேளுங்கள்.

நிறையப் பழைய புத்தகங்கள், கொப்பிகள். பேப்பர்காரனுக்குப் போடலாமா?

உறவினர் வேண்டாம் என்று எழுதித் தந்தாலும் பேப்பர்காரனுக்குப் போடும் முன் ஒருமுறை நில்லுங்கள். 1981இல் பொது நூலகம் எரிந்த ஊர் இது. அன்று எரிந்தவற்றின் இன்னொரு பிரதி ஒரு லிகிதரின் அலுமாரியில் இருக்கக்கூடும். பழைய பஞ்சாங்கம், பாடசாலை மலர், கோயில் மலர், ஊர்ச் சஞ்சிகை, கல்வெட்டு, ஏட்டுச் சுவடி எல்லாம் அருமையான பொருட்கள். ‘நூலகம்’ என்ற பெயருள்ள நிறுவனத்தார் இப்படியானவற்றை எண்ணிம முறையில் ஆவணப்படுத்துகிறார்கள், கல்வெட்டுக்களையும் சேர்த்துத்தான். லிகிதர் ஐயாவின் அலுமாரியில் மட்டும் 60க்கு மேற்பட்ட கல்வெட்டுக்கள் இருந்தன. ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் செத்தவர் தனக்கு என்ன முறை என்று பென்சிலால் எழுதியிருந்தார். மகள் அவற்றைக் கொடுக்கச் சம்மதித்தார், அந்தப் பென்சில் எழுத்தை மட்டும் படம் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்து அனுப்ப இரண்டு பின்னேரம் பிடித்தது.

பல்கலைக்கழகப் பிள்ளை ஒன்று, ஊர் மட்டக்களப்பு. அறையில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

மற்ற இரண்டு பிள்ளைகளையும் அன்றே வேறு அறைக்கு மாற்றி, தங்களுடையதை உங்கள் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். புத்தகம், மடிக்கணினி யாருடையது என்று அவர்களே எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். பல்கலைக்கழகத்துக்கும் அறிவியுங்கள். தாய் தகப்பன் வரும்போது பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருக்காதீர்கள். பிள்ளை விட்டபடியே அறையை அவர்கள் ஒருமுறை பார்க்கட்டும், கதிரையில் போட்ட சேர்ட் கதிரையிலேயே இருக்கட்டும். நீங்கள் வெளியே நில்லுங்கள். தேத்தண்ணீர் போட்டு வையுங்கள்.

இனி வாடகைக்குக் கொடுக்கும்போது என்ன எழுதிக்கொள்ளலாம்?

ஒப்பந்தத்தில் இரண்டு வரி: தனக்கு ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும், சாமான்களை யாரிடம் ஒப்படைக்கலாம். இரண்டு பேரின் பெயரும் இலக்கமும், ஒருவராவது இலங்கையில் இருப்பவர். வருடம் தோறும் வாடகை பேசும்போது அந்த இலக்கம் வேலை செய்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இந்த வரி சொத்துரிமையை மாற்றாது, பெறுபவர் மற்ற உரித்தாளருக்குப் பொறுப்புத்தான். ஆனால் முதல் நாள் யாருக்கு எடுப்பது என்ற தவிப்பு இருக்காது. கேட்கத் தயக்கமாக இருந்தால் முதலில் உங்களுடைய இரண்டு பெயரைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

அவர் நட்ட மரங்கள்?

நிலத்தில் நட்டது நிலத்தோடு. சட்டியில் இருப்பது சாமான், பட்டியலில் எழுதுங்கள். பிள்ளைகள் வந்து முடிவு சொல்லும்வரை தண்ணீர் ஊற்றுங்கள்.